வெறும் தொட்டியில் ஒரு மாதம்



கடல்மீன் வளர்ப்பவர் வீட்டுக்குப் போனால் கூடத்தில் இருக்கும் தொட்டியைத்தான் முதலில் காட்டுவார். பவளம், பாறை, நீல விளக்கு, நடுவே மஞ்சளும் ஊதாவுமாய் மீன்கள். பார்க்க அழகுதான். ஆனால் பணம் இருந்தால் அதை ஆள் வைத்தே அமைத்துவிடலாம். எனக்கு அவர் காட்டாத இன்னொரு தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றிருக்கும். அது பின்கட்டிலோ மாடிப்படிக்கு அடியிலோ இருக்கும். மணல் கிடையாது, பாறை கிடையாது. ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ளப் பிளம்பர் கடையில் வாங்கிய பிவிசி முழங்கை இரண்டு. அதற்குள் நோய்ப்பட்ட ஒரே ஒரு மீன். இதுதான் குவாரன்டைன் தொட்டி. கடல்மீன் வளர்ப்பில் கலை என்று ஒன்று உண்டென்றால் அது இந்த அழகற்ற தொட்டியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கடல்மீனைத் தாக்கும் நோய்களில் இரண்டு மிகவும் பேர்போனவை. ஒன்று வெல்வெட் நோய், மற்றது வெள்ளைப்புள்ளி நோய். முதலாவதை உண்டாக்கும் ஒட்டுண்ணியை 1931இலும், இரண்டாவதற்குக் காரணமான கிரிப்டோகாரியானை 1951இலும் விவரித்துப் பெயரிட்டவர் பிரவுன் என்ற ஆய்வாளர். இரண்டும் பதிவானது லண்டன் விலங்கியல் கழகத்தின் ஏட்டில். கடலில் இந்த ஒட்டுண்ணிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே ஒட்டுண்ணியின் குஞ்சுகள் கிளம்பி வரும்போது மீன் எங்கோ போயிருக்கும். ஆயிரத்தில் ஒன்று இரை சேர்ந்தாலே அதிகம். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் மீன் எங்கே போகும்? கடலில் சில்லறைத் தொல்லையாக இருப்பது தொட்டியில் கொள்ளைநோய் ஆவது இப்படித்தான்.

வெள்ளைப்புள்ளியின் பிழைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் வைத்தியம் பார்ப்பவர்கள்தான் அதிகம். மீனின் உடலில் உப்புப் பரல் ஒட்டியதுபோல் தெரிகிறதே, அது ஒட்டுண்ணி தின்று கொழுக்கும் பருவம். தோலின் மேல்படலத்துக்கு அடியில் பதுங்கி, மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை தின்னும். பிறகு தானாகவே மீனை விட்டு இறங்கி, தரையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள்ளே அது பிரிந்து பிரிந்து இருநூறு, முந்நூறாகப் பெருகும். அவை நீந்தி வெளியே வருவது பெரும்பாலும் இருட்டில். மீன் அசையாமல் தூங்கும் நேரம் பார்த்து வருகின்றன! வந்தவற்றுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் சாவுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை மீனில் புள்ளி பார்க்கிறோம். ஏதோ ஒரு புட்டியை ஊற்றுகிறோம். வியாழக்கிழமை புள்ளி இல்லை. மருந்து கேட்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் புள்ளிகள் தங்கள் வேளை வந்ததால் இறங்கிப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். அடுத்த வாரம் பத்துப் புள்ளி இருந்த இடத்தில் நூறு வந்து நிற்கும். பூண்டுச் சாறு, மூலிகைத் திரவம், துப்புரவு இறால் என்று கடைகளில் விற்கும் பல தீர்வுகளின் புகழ் இந்த நாலு நாள் இடைவெளியில் சம்பாதித்தது. பூண்டு மணம் சில மீன்களைத் தீனிக்கு இழுக்கலாம், அதோடு சரி. தோலுக்கு அடியில் இருப்பதை எந்த இறாலும் கொத்தி எடுக்காது.

வேலை செய்யும் மருந்து செம்பு. மீன் வளர்ப்பவர்கள் வாயில் 'காப்பர்'. இதுவும் தோலுக்கு அடியில் இருப்பதைத் தொடாது, கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தி வரும் குஞ்சுகளை மட்டும் கொல்லும். ஆகவே கடைசிக் கூடு வெடிக்கும்வரை நீரில் செம்பு குறையாமல் இருந்தாக வேண்டும். ஒரு மாதம் என்று கணக்கு வைப்பது அதனால்தான். அளவோ, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். நூறு லிட்டர் தொட்டியில் 15 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும்; 20ஐத் தாண்டிப் போகப் போக மீனின் செவுள் கெடும். இந்த ஐந்து மில்லிகிராம் இடுக்கில் ஒரு மாதம் நடக்க வேண்டும். வேறொரு சேர்மத்தோடு கட்டிய செம்பும் விற்கிறார்கள். அதன் அளவு லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமை ஒட்டி இருக்கும், சோதிக்கும் கிட்டும் வேறு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டுவிட்டு, மறுநாள் மீனைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

மணலும் பாறையும் ஏன் கூடாது என்பது இங்கே விளங்கும். சுண்ணாம்புப் பொருள் எதுவாயினும் செம்பைப் பிடித்துக்கொள்ளும். காலையில் ஊற்றியது மாலையில் இருக்காது. இன்னொன்று: வெயில் காலத்தில் நீர் ஆவியாகும், செம்பும் உப்பும் ஆவியாகாது. குறைந்ததை நல்ல நீரால் நிரப்ப வேண்டும். ஆனால் பாதித் தொட்டி நீரை மாற்றும்போது புது நீரில் அதே அளவு உப்பும் செம்பும் முன்னமே கலந்திருக்க வேண்டும். தினமும் சோதித்து ஒரு நோட்டில் எழுதுகிறவர் வீட்டில் மீன் பிழைக்கிறது. மனக்கணக்கில் ஊற்றுகிறவர் வீட்டில் பிழைப்பது அதிர்ஷ்டம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மீன் செத்துப் போவதுண்டு. பெரும்பாலும் நோயால் அல்ல, அம்மோனியாவால். பழகிய தொட்டியில் பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியா, மீனின் கழிவைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். வெறும் தொட்டியில் அந்தக் கூட்டம் இல்லை. அதிலும் கடல்நீரின் பி.எச். 8.2ஐ ஒட்டி நிற்பது. அந்தக் காரத்தில் அம்மோனியாவின் நச்சு வடிவம் நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். நம்மூர் வெக்கையில் இன்னும் கூடும். அம்மோனியாவை அடக்கும் திரவம் இருக்கிறதே, ஊற்றலாமே என்று தோன்றும். செம்பு இருக்கும் நீரில் அதைச் சேர்த்தால், கட்டுண்ட செம்பு விடுபட்டு விஷமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆக மிஞ்சுவது பழைய வழிதான்: முன்கூட்டியே ஒரு ஸ்பான்ஜைப் பழக்கி வைப்பது, அடிக்கடி நீர் மாற்றுவது. மருந்து கொடுப்பது டாக்டர் வேலை என்றால் இது நர்ஸ் வேலை. இந்தக் கலையில் நான் மதிப்பது நர்ஸைத்தான்.

அந்த நர்ஸின் திறமை தெரியும் இடம் சாப்பாடு. செம்பு பசியை மந்தமாக்கும். புது இடம், வெறும் சுவர், துணையில்லாத தனிமை, எல்லாம் சேர்ந்து மீன் வாயை மூடிக்கொள்ளும். தீனி போட்டால், தின்னாத மிச்சம் அழுகி அம்மோனியா ஆகும். போடாவிட்டால் மீன் இளைத்து, நோயை எதிர்க்கத் தெம்பில்லாமல் போகும். தேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். ஆர்ட்டிமியா முட்டையை உப்புநீரில் பொரிக்க வைத்து, மறுநாள் உயிரோடு துடிக்கும் குஞ்சுகளைக் கொஞ்சமாய் விடுகிறார்கள். அசைவதைக் கண்டால், வாய் திறக்காத மீனும் ஒரு கொத்துக் கொத்தும். அதன்பின் உறைந்த மைசிஸ் இறாலுக்கு மெல்ல மாற்றுகிறார்கள். தாவரம் மேயும் டாங் வகைக்கு, ஜப்பானியர் சோறு சுற்றும் நோரித் தாளைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுகிறார்கள். தொட்டியின் மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி, ஆள் நடமாட்டம் தெரியாமல் செய்கிறார்கள். பத்து நிமிடம் பொறுத்து மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள்.

பார்க்கத் தெரிவதும் பெரிய பாடம். புள்ளி தெளிவாக, எண்ணும்படி இருந்தால் வெள்ளைப்புள்ளி. மாவு தூவியதுபோல் நுண்ணியதாக இருந்து, மீன் வெளிச்சத்துக்கு ஒளிந்து, பம்ப் தள்ளும் நீரோட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் வெல்வெட். அது செவுளில் தொடங்குவது, ஓரிரு நாளில் முடித்துவிடக்கூடியது. இங்கே யோசிக்க நேரமில்லை. கோமாளி மீனில் கோழைபோல் தோல் உரிந்தால் அது புரூக்ளினெல்லா. செம்பு அதற்குக் கேட்காது, ஃபார்மலின் குளியல் வேண்டும். ஃபார்மலின் மனிதனுக்கும் நச்சு, கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடக்கூடாது. தட்டைப்புழு என்று சந்தேகம் வந்தால், வெப்பமும் பி.எச்.சும் சமமாக்கிய நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை விட்டுப் பார்க்கலாம். கண்ணுக்கே தெரியாமல் ஒட்டியிருந்த புழுக்கள் வெளுத்து உதிர்வதைக் காண்பது, சொன்னால் விசித்திரமாக இருக்கும், மனதுக்கு நிறைவான காட்சி. ஒரு நோய்க்கு உரிய மருந்தை மற்றதற்கு ஊற்றி நாளைக் கடத்துவதைவிட, பூதக்கண்ணாடியும் ஒரு டார்ச்சும் வாங்கி வைப்பது மேல்.

மருந்தே இல்லாத வழிகளும் உண்டு. எனக்குப் பிடித்தது தொட்டி மாற்றும் முறை. கூடு வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும். அதற்குள், எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுவது. இறங்கிய ஒட்டுண்ணிகள் பழைய தொட்டியில் கிடக்கும், அதைக் கழுவிக் காயவைத்துவிட வேண்டியது. நான்கு மாற்றத்தில் மீன் சுத்தம். எதிரியின் நேர அட்டவணையை வைத்தே எதிரியை ஏமாற்றும் இந்த முறையில் ஒரு சதுரங்க அழகு இருக்கிறது. குறை என்னவென்றால், வெல்வெட்டுக்கு இதை நம்ப முடியாது. பயந்த மீனைத் திரும்பத் திரும்பப் பிடிப்பதும் கொடுமை. இன்னொன்று உப்பைக் குறைப்பது. இஸ்ரேலைச் சேர்ந்த கொலோர்னி என்ற ஆய்வாளர், வளர்ப்பு மீன்களில் இதைப் பயன்படுத்தியதை 1985இல் எழுதினார். கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு. அதைப் பதினைந்துக்குக் கொண்டுவந்தால் வெள்ளைப்புள்ளி பிழைப்பது கடினம். மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், மீன் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் துல்லியமாக இல்லாவிட்டால் இந்த முறை வெறும் நம்பிக்கை. இதற்கும் வெல்வெட் மசியாது.

மீன் வெளியே சிகிச்சையில் இருக்கும்போது கூடத்துத் தொட்டியில் ஒரு மீன்கூட இருக்கக்கூடாது. கூடுகள் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் வெடித்துவிடும் என்றாலும், சோதனைச்சாலையில் 72 நாள் வரை இழுத்தடித்தவை உண்டு. விருந்தினர் வந்து, 'தொட்டியில் மீனே இல்லையே' என்று கேட்பார்கள். கேட்கட்டும். இரண்டு தொட்டிக்கும் ஒரே வலையை, ஒரே ஈரக் கையைப் பயன்படுத்தாதவரை போதும்.

நோய் கண்டபின் பார்த்துக்கொள்ளலாமா, வாங்கிய ஒவ்வொரு மீனுக்கும் முன்கூட்டியே செம்பு கொடுத்துவிடலாமா என்ற சண்டை மீன் வளர்ப்பவர்களிடையே தீராதது. எல்லா மீனுக்கும் குவாரன்டைன் வேண்டும், எல்லா மீனுக்கும் விஷம் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. நாலு வாரம் உற்றுப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்தான் முதல் நாளே புட்டியைத் திறக்கிறார். சில மொத்த வியாபாரிகள் செய்வது இன்னும் மோசம். நோயைக் கொல்லப் போதாத, ஆனால் புள்ளி தெரியாமல் அமுக்கி வைக்கப் போதுமான செம்பை எல்லாத் தொட்டிகளிலும் ஓடவிடுகிறார்கள். மீன் வீடு வந்த வாரமே சாயம் வெளுக்கிறது. தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்த மீன்கள் இப்போது கிடைக்கின்றன. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைப் பொரித்து வளர்க்கிறது. வெள்ளைப்புள்ளிக்குப் பேர்போன நீல டாங் மீனையே 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். இவை நோயில்லாமல் பிறந்தவைதான்; ஆனால் கடையில் பொது நீரில் ஒரு வாரம் கிடந்தால் இவையும் மற்றவை போலத்தான்.

எனவே வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மீனுக்கு என் கண்ணெதிரே தீனி போடுகிறீர்களா? இந்த நீரில் காப்பர் எவ்வளவு? மழுப்பினால், தொட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்து ரசித்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிடுங்கள்.