எழுதக் கற்பிப்போரும் எழுதுக!
(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் மாணவ அங்கத்தவர் சார்பில் ஆற்றிய உரை)



பதுளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் நாம் கண்டதொன்றை முதலிற் கூறுகின்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த தாயார் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். சேரவேண்டிய சேமலாப நிதிப் பணம் வந்து சேரவில்லை. "ஒரு கடுதாசி எழுதித் தா, புள்ள" என்று உயர்தர வகுப்பிற் படிக்கும் மகளிடம் கேட்டார். அப்பிள்ளை, 'நதியின் சுயசரிதை' என்னும் கட்டுரைக்குப் பரீட்சையில் நல்ல புள்ளி பெற்றவள். ஆயினும் ஒரு மணி நேரமாகியும் 'ஐயா' என்ற விளிக்கு அப்பால் அவள் பேனா நகரவில்லை. மறுநாள் பட்டினத்தில் ஒருவருக்குக் காசு கொடுத்தே அக்கடிதம் எழுதப்பெற்றது.

நதியின் கதையை எழுதியவளுக்குத் தன் தாயின் கதையை எழுத இயலாது போனதேன்? குற்றம் அவளுடையதன்று. கரும்பலகையில் உள்ள கட்டுரையைப் பார்த்தெழுதி, மனனஞ் செய்து, பரீட்சையில் ஒப்புவிப்பதையே அவள் கற்றாள். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாமும் அவ்வாறே கற்றோம். எமக்குக் கற்பித்த ஆசிரியர்களும் அவ்வாறே கற்றிருந்தனர். தாம் பெறாத ஒன்றை அவர்கள் எங்ஙனம் கொடுப்பர்?

இதன் வேர் ஆழமானது. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் துரைமாரிடம் ஒப்படைத்தது. ஓராசிரியர், ஓர் அறை, பல வகுப்புகள் என்பதே பெரும்பாலும் வழக்கமாயிற்று. 1970களிலேதான் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர் தொகையும் பெருகிற்று. எழுதக் கற்பிக்கும் முறையோ அதே வேகத்தில் மாறவில்லை.

எம் மண்ணில் எழுத்தாற்றல் இல்லையென்று எவரும் கூறற்க. 1934இல் ஹாலிஎலப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, தந்தையார் ஆசிரியராயிருந்த தோட்டப் பாடசாலையிலே கற்கத் தொடங்கியவர் தெளிவத்தை ஜோசப். பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, லயத்து வாழ்வைக் கதைகளாக்கினார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரை நாடிவந்தது. 2022இல் அவர் மறைந்தார். ஒருவர் தோன்றினாரென மகிழ்கின்றோம். வழிகாட்டுவாரின்றித் தோன்றாது போனவர் எத்தனை பேரோ!

1974இல் அமெரிக்காவின் பேர்க்லி நகரில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே ஜேம்ஸ் கிரே என்பார் ஆசிரியருக்கான கோடைகாலப் பயிற்சியொன்றைத் தொடக்கினார். அதன் கருத்து எளியது: எழுதக் கற்பிப்பவர் தாமும் எழுதவேண்டும், ஆசிரியருக்குச் சிறந்த ஆசிரியர் மற்றோர் ஆசிரியரே. அம்முயற்சி பின்னர் அந்நாடெங்கும் பரவிற்று.

அத்தகைய பயிலரங்கொன்றை வரும் ஆகஸ்ட் விடுமுறையிற் பதுளையில் நடாத்தலாகாதா? பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பகுதி ஆசிரியர்கள் மூன்று நாட்கள் கூடட்டும். முதல் நாள் ஒவ்வொருவரும் தம் வாழ்விலிருந்து ஒரு பக்கம் எழுதி மற்றவர்க்கு வாசிக்கட்டும். வெறுந்தாளின் முன் பிள்ளை படும் அச்சத்தை அப்பொழுது அவர்களும் உணர்வர். இரண்டாம் நாள், பெரட்டுக்களம், கொழுந்து மடுவம், பிள்ளைக்காம்பரா, மழைக்கு ஒழுகும் கூரை என்று பிள்ளை நன்கறிந்தவற்றை எழுதச்செய்யும் வழியை ஆராயட்டும். மூன்றாம் நாள் திருத்தும் முறை. முதலிற் பொருளைப் பார்த்து, "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டு மீண்டும் எழுதச் செய்க, எழுத்துப் பிழை அதன்பின் திருத்தப்படட்டும்.

"இலக்கணம் கெடுமே!" எனப் பெரியோர் அஞ்சலாம். கெடாது. சொல்ல ஒன்று உடையவனே அதனைச் செம்மையாகச் சொல்ல விரும்புவான். தெளிந்த உரைநடையில் பாலபாடங்கள் எழுதிய ஆறுமுக நாவலரும், மிஷன் பாடசாலையிற் கற்றும் கற்பித்தும் பெற்ற அனுபவத்தை 1848இல் வண்ணார்பண்ணையில் தாம் நிறுவிய சைவப் பாடசாலைக்குப் பயன்படுத்தினார். நல்ல முறை எங்கிருந்து வரினும் கொள்ளுதல் நம்மவர் மரபே.

"பரீட்சைக்கு நேரம் போதாதே!" என ஆசிரியர் கூறலாம். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். சொந்தமாக எழுதப் பழகிய பிள்ளை, பழக்கமில்லாத தலைப்பைக் கண்டு கலங்கமாட்டாது.

பெரியோர்களே, மண்டபமும் மதிய உணவும் பேருந்துக் கட்டணமும் தந்துதவுங்கள். இளைஞர்களே, பிள்ளைகள் எழுதுவனவற்றைத் தொகுத்துப் பாடசாலை தோறும் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை வெளியிடத் துணைநில்லுங்கள். பல்கலைக்கழக மாணவராகிய நாம் எம் விடுமுறையைத் தருகின்றோம்.

அன்னைக்கு ஒரு கடிதம் எழுத மகளால் இயலவேண்டும். அவ்வளவே நாம் வேண்டுவது.