பதினைந்து நொடிக்குள் ஒரு பந்து



2023ஆம் ஆண்டு பிப்ரவரி 25. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நார்த் போர்ட் என்ற ஊர். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியும் பேஸ்பால் பயிற்சி ஆட்டம் ஆடுகின்றன. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 6–6. மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறது. இரண்டு பேர் அவுட். பேட்டர் கால் கான்லியின் கணக்கில் மூன்று பால் (பிட்சரின் குறி தவறிய பந்து), இரண்டு ஸ்ட்ரைக் (பேட்டரின் தவறு). இன்னொரு பால் விழுந்தால் பிரேவ்ஸுக்கு வெற்றி, இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் இன்னிங்ஸ் முடிந்தது. அந்தப் பந்து வரவே இல்லை. அம்பயர் குறுக்கே புகுந்து ஆட்டத்தை நிறுத்தினார். பிட்சர் தாமதம் செய்துவிட்டார், நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து கான்லி முதல் பேஸை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். அம்பயர் கைகாட்டியது அவரைத்தான். கடிகாரத்தில் 8 நொடி மிச்சம் இருக்கும்போதே பேட்டர் தயாராக நின்று பிட்சரைப் பார்த்தாக வேண்டும் என்பது புது விதி. அவர் நிற்கவில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட், ஆட்டம் சமன். அரங்கத்தில் இருந்தவர்கள் போட்ட கூச்சல் வெற்றிக்கானது அல்ல.

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்ளும் ஒரு வழக்கு, இப்படித்தான் அவர்கள் கண்முன் வந்து நின்றது. பந்துக்கும் பந்துக்கும் நடுவே கடிகாரம் ஓடலாமா, கூடாதா?

விதி எளிது. பேஸில் ஆள் இல்லையென்றால் பிட்சர் 15 நொடிக்குள் எறிய வேண்டும். ஆள் இருந்தால் 2023இல் 20 நொடி, 2024 முதல் 18. பிட்சர் தவறினால் பேட்டருக்கு ஒரு பால் இலவசம், பேட்டர் தவறினால் அவர் தலையில் ஒரு ஸ்ட்ரைக். ஒவ்வொரு முறை ஆட வரும்போதும் பேட்டர் ஒரே ஒரு தடவை 'டைம்' கேட்கலாம்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்கலாம். கூடைப்பந்தில் கடிகாரம் உண்டு, அமெரிக்கக் கால்பந்தில் உண்டு. பேஸ்பாலில் மட்டும் மணி அடித்து ஆட்டம் முடியாது. 27 பேரை அவுட் ஆக்கும்வரை தோற்கும் அணிக்கும் வாய்ப்பு இருக்கும். எங்கள் ஆட்டத்துக்குக் காலம் கிடையாது என்பது அந்த ரசிகர்களின் பரம்பரைப் பெருமை. 1981இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாட்டக்கெட் நகரில் ஒரு கீழ்நிலை லீக் ஆட்டம் 33 இன்னிங்ஸ் போனது. ஈஸ்டர் ஞாயிறு விடிகாலை நான்கு மணிக்கு மேல் நிறுத்தினார்கள். அப்போது அரங்கில் மிச்சம் இருந்தவர்கள் 19 பேர். இரண்டு மாதம் கழித்து மறுபடி கூடியபோது 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் ஆடிய வேட் பாக்ஸும் கால் ரிப்கன் ஜூனியரும் பின்னாளில் பெரும் நட்சத்திரங்கள் ஆனார்கள். இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த கூட்டம் அது.

பேஸ்பால் ரசிகர் இரண்டு பேர் பேச உட்கார்ந்தால், ஐந்து நிமிடத்தில் பேச்சு எப்போதோ செத்துப்போன ஒரு பிட்சரிடம் வந்து நிற்கும். கடிகாரச் சண்டையும் அப்படித்தான். "பாப் கிப்சனை நிறுத்தி நிதானமாகப் பார்த்தோமே, அந்தக் காலம் போச்சு" என்கிற ராகத்தில் பழைய பேர்களை ஒவ்வொன்றாக இழுப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படி இழுக்கப்படும் சாட்சிகளில் முக்கால்வாசிப் பேர் எதிர்க்கட்சிக்காரர்கள்.

கிப்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர். 1968இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தார். அதிகம் பேசியதில்லை, தாமதித்ததும் இல்லை. கேட்சர் யோசனை சொல்ல, பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து வந்தாலே எரிந்து விழுவார். பந்தை வாங்கினார், எறிந்தார், அவ்வளவுதான். அந்த ஆண்டு பிட்சர்களின் ஆதிக்கம் தாங்காமல், 1969இல் எறியும் மேட்டின் உயரத்தையே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். இவருக்கு 15 நொடிக் கடிகாரம் ஒரு பொருட்டா?

அடுத்தவர் மார்க் ஃபிட்ரிச். எனக்குப் பிடித்தவர், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறேன். 1976இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு வந்த சுருட்டைமுடி இளைஞர். 'பறவை' என்பது பட்டப்பெயர். எறிவதற்கு முன் பந்தோடு பேசுவார். மேட்டில் மண்டிபோட்டு, முந்தைய பிட்சரின் கால்தடங்களைக் கையாலேயே தடவிச் சமன்செய்வார். நல்ல கேட்ச் பிடித்த சகவீரரிடம் ஓடிப்போய்க் கை கொடுப்பார். ஜூன் 28ஆம் தேதி இரவு, நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, நியூயார்க் யாங்கீஸை 5–1 என்று வீழ்த்தினார். ஆட்டம் முடிந்தும் நாற்பத்தேழாயிரம் பேருக்கு மேல் கலையாமல் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் மறுபடி வெளியே வந்து தலைகாட்டிய பிறகுதான் போனார்கள். பந்தோடு பேசி, மண்ணைத் தடவி, எல்லோருக்கும் கை கொடுத்து, இத்தனையும் செய்த அந்த ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடியது தெரியுமா? 1 மணி 51 நிமிடம். அந்தப் பருவத்தில் 19 வெற்றி, 24 முழு ஆட்டங்கள். அடுத்த ஆண்டே முழங்காலில் அடி, பிறகு தோள்பட்டை. 1980க்குப் பிறகு பெரிய லீக்கில் அவர் இல்லை. 2009இல், 54 வயதில், தன் பண்ணையில் லாரிக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது விபத்தில் இறந்துபோனார். ஒரே ஒரு முழுப் பருவம்தான் ஜொலித்தார். இன்றும் டெட்ராய்ட்டில் அவர் பேரைச் சொன்னால் வயதானவர்கள் முகம் மலர்கிறது.

இன்னும் கிட்டத்து ஆள் வேண்டுமா? சிகாகோ வொயிட் சாக்ஸின் மார்க் பியூர்லி. 2005 ஏப்ரலில் சியாட்டில் அணியை அவர் 2–1 என்று வென்ற ஆட்டம் 99 நிமிடத்தில் முடிந்தது. 2009இல் ஒருவரைக்கூடப் பேஸுக்கு விடாமல் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றிய ஆட்டத்துக்கு 2 மணி 3 நிமிடம்.

ஆக, ரசிகர்கள் ஏங்குகிற அந்தப் பழைய ஆட்டம் மெதுவான ஆட்டமே அல்ல. 1970களின் நடுவில் ஒரு ஆட்டம் சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துகொண்டிருந்தது. 2021இல் அது 3 மணி 10 நிமிடம் ஆகிவிட்டது. நடுவில் நடந்தது என்ன? இன்னிங்ஸ் இடைவெளியில் விளம்பரம் நீண்டது. ஒரே பிட்சர் ஆட்டம் முழுக்க எறிவது அபூர்வமாகி, ஆறாவது இன்னிங்ஸிலிருந்து ஆள் மாற்றும் ஊர்வலம் தொடங்கியது. பேட்டர்கள் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கட்டத்தை விட்டு வெளியே வந்து கையுறைப் பட்டியைக் கழற்றி மாட்டினார்கள். ஒன்று தெரியுமா, பேஸில் ஆள் இல்லாதபோது பிட்சர் குறித்த நேரத்துக்குள் எறிய வேண்டும் என்ற விதி புத்தகத்தில் எப்போதோ இருந்தது. 2007இல் அதை 12 நொடி என்றுகூடத் திருத்தினார்கள். அம்பயர்கள் பெரும்பாலும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் சங்கதி.

கடிகாரத்துக்கு உண்மையிலேயே பயந்திருக்க வேண்டியவர்களும் உண்டு. டெக்சஸுக்கும் கிளீவ்லாந்துக்கும் ஆடிய மைக் ஹார்குரோவ் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஹெல்மெட், சட்டைக் கை, கால்சட்டை, கையுறையின் கட்டைவிரல் என்று அபிஷேகம் அலங்காரம் போல வரிசையாக முடித்துவிட்டுத்தான் மட்டையைத் தூக்குவார். மழை வந்து ஆட்டம் நின்ற மாதிரி இருக்குமாம். 'மனித மழைத் தடங்கல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் சோடை போன ஆட்டக்காரர் அல்ல. பத்து முறை ஆட வந்தால் ஏறத்தாழ நான்கு முறை பேஸுக்குப் போய்விடுவார். காத்துக் காத்து நொந்த பிட்சர்களுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். பாஸ்டனின் நோமார் கார்சியபாராவும் அதே ஜாதகம். கையுறையை மாற்றி மாற்றி இழுத்து, கால்விரல்களை மாறி மாறித் தரையில் தட்டுவார். அந்த ஊர்ப் பிள்ளைகள் தெருவில் அதைத்தான் நடித்துக் காட்டினார்கள். 2000ஆம் ஆண்டு .372 சராசரியோடு அமெரிக்கன் லீக்கில் முதலிடம்.

இவர்களை நினைத்துச் சிரிக்கலாம். ஆனால் ஒரு ஆட்டத்தில் ஒரு ஹார்குரோவ் இருந்தால் அது சுவாரசியம், பதினெட்டுப் பேரும் ஹார்குரோவ் ஆகிவிட்டால் தூக்கம். 2010களில் நடந்தது அதுதான்.

புது விதியால் லாபம் அடைந்த கலை ஒன்றும் இருக்கிறது, பேஸ் திருடுவது, அதாவது பிட்சர் அசந்த நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. பிட்சர் இப்போது முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து ஓட்டக்காரரை மிரட்டுவதெல்லாம் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான். மூன்றாம் முறை எறிந்து அவுட் ஆகவில்லையென்றால் ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் சும்மா கிடைக்கும். பேஸ்களின் அளவையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். 2022இல் 2,486 திருட்டு. 2023இல் 3,503. இதைப் பார்த்ததும் ரசிகர்கள் ரிக்கி ஹெண்டர்சன் பெயரைச் சொன்னார்கள். 1982இல் ஒரே பருவத்தில் 130 பேஸ், வாழ்நாளில் 1,406. இரண்டாம் இடத்தில் இருக்கும் லூ பிராக்குக்கு 938தான். பிட்சர்கள் பத்துத் தடவை பந்தை எறிந்து கட்டிப்போடப் பார்த்த காலத்தில் ஹெண்டர்சன் இதைச் செய்தார். இன்றைய விதியில் ஆடியிருந்தால் என்ற கேள்விக்கு எந்தத் திண்ணையிலும் பதில் முடியாது. 2024 டிசம்பரில் அவர் காலமானார். 

கடிகாரத்தால் கிடைத்த பலன்? 2022இல் 3 மணியும் சில நிமிடங்களுமாக இருந்த சராசரி, 2023இல் 2 மணி 40 நிமிடமாகிவிட்டது. ஒரே ஆண்டில் இருபத்துச் சொச்சம் நிமிடம். அரங்கத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை ஏழு கோடியைத் தாண்டியது. ஆட்டம் சீக்கிரம் முடிவதால் ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்தும் பியர் விற்பனையைச் சில அணிகள் எட்டாவது வரை நீட்டின என்பது இதில் வந்த கிளைக்கதை. குடித்துவிட்டுக் காரோட்டிப் போகிறவர்களை நினைத்துப் பார்த்தீர்களா என்று பிலடெல்பியா பிட்சர் மேட் ஸ்டிராம் கேட்டார். நியாயமான கேள்வி.

நாமும் இதை வேடிக்கை பார்க்கும் இடத்தில் இல்லை. கிரிக்கெட்டில் ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே 60 நொடிக் கடிகாரத்தை ஐசிசி 2023 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கி, பிறகு ஒருநாள், இருபது ஓவர் சர்வதேச ஆட்டங்களில் நிரந்தரமாக்கிவிட்டது.

நஷ்டம் ஒன்றும் இல்லையா? உண்டு. வானொலியில் பேசுகிறவன் என்பதால் எனக்கு அது உறுத்துகிறது. வின் ஸ்கல்லி 1950இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வர்ணனை செய்யத் தொடங்கி, அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனபோது கூடவே போய், 2016 வரை 67 பருவங்கள் பேசினார். லாஸ் ஏஞ்சலிஸின் ஆரம்ப ஆண்டுகளில் அரங்கத்துக்கு வந்தவர்களே டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து, கண்ணால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு காதால் அவரைக் கேட்டார்கள். அவர் கதை சொல்வார். ஒருமுறை சான் ஃபிரான்சிஸ்கோ பிட்சர் மேடிசன் பம்கார்னர் பாம்பை வெட்டியபோது, அதன் வயிற்றில் இருந்த முயல்குட்டி உயிர் பிழைத்த கதையைச் சொன்னார். நடுவில் பந்து வரும், "ஒரு பால்" என்பார், விட்ட இடத்தில் தொடர்வார். பம்கார்னர் பாட்டுக்கு எறிந்துகொண்டிருந்தார். பழைய ஆட்டக்காரர்கள் புதுத் தலைமுறைக்கு அறிமுகமானது புத்தகத்தில் அல்ல, இந்த இடைவெளிகளில்தான். ஸ்கல்லி 2022 ஆகஸ்டில் மறைந்தார். அடுத்த பருவத்தில் கடிகாரம் வந்தது. 15 நொடியில் பாம்பு வரலாம், முயல் வெளியே வர நேரம் பத்தாது.

ஆனால் பதற்றம் செத்துப்போகும் என்று சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் காட்டும் பெரிய உதாரணம் 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டம். டாட்ஜர்ஸ் 3–4 என்று பின்தங்கி, இரண்டு பேர் அவுட், முதல் பேஸில் ஒருவர். இரண்டு காலிலும் காயத்தோடு கிர்க் கிப்சன் நொண்டிக்கொண்டு வந்தார். எதிரில் ஓக்லாந்தின் டென்னிஸ் எக்கர்ஸ்லி. மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் கிப்சன் 'டைம்' கேட்டு வெளியே வந்தார். இந்த நிலையில் எக்கர்ஸ்லி ஸ்லைடர் வகைப் பந்தை எறிவார் என்று அணியின் ஒற்றர் ஒருவர் சொல்லியிருந்ததை நினைத்துக்கொண்டு உள்ளே போனார். ஸ்லைடர் வந்தது, ஹோம் ரன் போனது, டாட்ஜர்ஸ் 5–4. அந்த 'டைம்' இன்றைய விதியிலும் செல்லும், ஒன்றுக்கு அனுமதி உண்டல்லவா? இன்றைய விதி கட்டுப்படுத்துவது எக்கர்ஸ்லி முதல் பேஸுக்குத் திரும்பத் திரும்ப எறிந்த பந்துகள்தான். அவற்றை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

2023 மார்ச்சில் மியாமியில் உலக பேஸ்பால் கிளாசிக் இறுதியாட்டம். ஜப்பானின் ஷோஹெய் ஓட்டானி, அமெரிக்காவின் மைக் டிரவுட்டைக் கடைசிப் பந்தில் வீழ்த்தி 3–2 என்று முடித்தார். இருவரும் அப்போது ஒரே கிளப் அணிக்காரர்கள். அந்தப் போட்டியில் கடிகாரம் இல்லை. பார்த்தீர்களா என்று எதிர்ப்பாளர்கள் குதித்தார்கள். எனக்குத் தோன்றுவது, ஓட்டானியும் டிரவுட்டும் எதிரெதிரே நின்றால் 15 நொடி வைத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு கவலை மட்டும் மிச்சம். 2024 ஏப்ரலில் ஆட்டக்காரர் சங்கத் தலைவர் டோனி கிளார்க், 20 நொடியை 18 ஆக்கியதால் பிட்சர்களின் கைக்கு ஓய்வு குறைகிறது என்று கண்டித்தார். லீக் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்பது மருத்துவர்கள் பாடு. ஆனால் ரசிகன் கேட்டதெல்லாம் தன் பழைய இரண்டரை மணி நேரத்தைத்தான், அது ஏறக்குறையத் திரும்பி வந்துவிட்டது. 18 நொடி போதும். அதற்குக் கீழே ஒரு நொடிகூடக் குறைக்க வேண்டியதில்லை.