முகவரியைப் பகுத்தல்



வலைத்தள முகவரி என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற அந்த நீண்ட வரிக்குள், எந்த நெறிமுறையில் பேசுவது, எந்தக் கணினியை நாடுவது, அதன் எந்த வாயிலில் நுழைவது, உள்ளே எந்தப் பக்கத்தைக் கேட்பது, என்ன நிபந்தனையோடு கேட்பது என்ற இத்தனை விஷயங்களும் வரிசை பிறழாமல் அடங்கியிருக்கின்றன. வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ வகுத்த இந்த அமைப்புக்கு 1994இல் எழுத்து மூலமான விதிகள் ஏற்பட்டன; அவற்றைச் செப்பனிட்ட பொது இலக்கணம் 2005இல் வெளிவந்தது. நெறிமுறையை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோடுகள் அவசியமே இல்லாதவை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் உலகம் முழுவதும் அவற்றைத் தட்டிப் பழகிவிட்டது.

சர்வரில் இயங்கும் மொழிகளுள் பிரசித்தி பெற்ற பிஎச்பியை, ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்டார். அதில், இத்தகைய முகவரியைப் பகுப்பதற்கென்றே பார்ஸ் யூஆர்எல் என்றொரு ஃபங்ஷன் உண்டு. முகவரியை அதனிடம் ஒப்படைத்தால், நெறிமுறை, ஹோஸ்ட் என்னும் கணினிப் பெயர், போர்ட் என்னும் வாயில் எண், பயனர் பெயர், கடவுச்சொல், பாதை, கேள்விக்குறிக்குப் பின்வரும் வினவல், ஹேஷ் குறிக்குப் பின்வரும் துணுக்கு என அதிகபட்சம் எட்டுக் கூறுகளாகப் பிரித்துத் தந்துவிடும்.

இவ்வளவு சௌகரியமான கருவி கைக்குக் கிடைத்ததும், பிரிந்து வந்தபடியால் அந்த முகவரி செம்மையானதே என்று புதிய நிரலாளர் முடிவு கட்டிவிடுகிறார். அபாயம் அங்கேதான் ஆரம்பமாகிறது. இந்த ஃபங்ஷன் பிரிக்குமேயன்றிப் பரிசோதிக்காது என்று பிஎச்பியின் கையேடே எச்சரிக்கிறது. மிகவும் சிதைந்த வரியை நிராகரிக்குமே தவிர, மற்றவற்றை எப்படியாவது கூறுபோட்டுத் தந்துவிடும்.

இரட்டைச் சாய்கோட்டை அடுத்து ஒரு வங்கியின் பெயர், அதன் பின் ஓர் அட் குறி, அதற்கும் பின் யாரோ ஒருவருடைய தளத்தின் பெயர் என்று ஒரு முகவரி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணப்படி அது குற்றமற்றது. அட் குறிக்கு முன்னிருப்பது வெறும் பயனர் பெயர்; ஆகவே வங்கியின் பெயரைக் கண்டு திருப்தியடைந்தவர் போய்ச் சேருவது அந்நியருடைய கணினிக்கு. பின்சாய்கோட்டின் விஷமம் இதனினும் பெரிது. பிரவுசர்கள் அதனைச் சாதாரணச் சாய்கோடாகவே பாவிக்கின்றன. 2005ஆம் ஆண்டு இலக்கணத்திலோ அதற்கு இடமே கிடையாது. இதன் பயனாக, ஒரே வரியைப் படிக்கும் இரண்டு நிரல்கள் இரண்டு வெவ்வேறு ஹோஸ்ட்களைக் கண்டுபிடிக்கக்கூடும். அப்படி நேர்ந்தால், வாயிற்காவலன் ஒருவனைச் சோதித்துவிட்டு வேறொருவனை உள்ளே அனுப்பிய கதைதான். தைவானைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஆரஞ்ச் சாய், 2017இல் பிளாக் ஹாட் என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், இந்த முரண்பாடு பல மொழிகளில் இருப்பதையும், அதைக்கொண்டு ஒரு நிறுவனத்தின் உள்வலையமைப்பையே எட்டிவிடலாம் என்பதையும் பகிரங்கமாக நிரூபித்தார்.

2025இல் வெளியான பிஎச்பி 8.5, 2005ஆம் ஆண்டு இலக்கணத்தின்படி படிக்க ஒன்றும், பிரவுசர்களின் வழக்கப்படி படிக்க மற்றொன்றுமாக, இரண்டு தனிக் கருவிகளை அளித்திருக்கிறது. தாமதமானாலும், இரண்டு வாசிப்புகள் உண்டென்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட இந்த முறையே நேர்மையானது என்பது என் அபிப்பிராயம்.

நிரல் எழுதாத நேயர்களுக்கும் இதில் ஒரு பிரயோஜனம் உண்டு. கைபேசியில் வந்த இணைப்பைத் தொடுமுன், இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்த சாய்கோட்டுக்கும் இடையிலுள்ள பகுதியை மட்டும் வலது கோடியிலிருந்து படித்துப் பாருங்கள். அங்கே அட் குறி தென்பட்டால், அந்த இணைப்பையே நம்பாதீர்கள்.