ஆபீஸ் வேதமும் அதன் புரோகிதர்களும்

(வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வந்த விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. முனிசிபல் ஆபீசிலும், தாலூகா ஆபீசிலும், பஞ்சாயத்து ஆபீசிலும் அலமாரிக்குள் அடைபட்டுக் கிடக்கின்ற கணக்குப் புத்தகங்களைப் பற்றியதாகும். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கின்றது; நிரம்ப இருக்கின்றது என்பதே என் அபிப்பிராயம்.

வேதத்தைச் சூத்திரன் படிக்கக் கூடாது என்றார்கள். காதால் கேட்டுவிட்டால் அந்தக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரத்தில் எழுதியும் வைத்தார்கள். எதற்காக? அதற்குள் என்ன இருக்கின்றது என்று ஜனங்களுக்குத் தெரிந்து போனால், தக்ஷணை கொடுக்க எவனும் வரமாட்டான் என்பதற்காகத்தான். புத்தகம் மூடியிருக்கிற வரையில்தான் புரோகிதனுக்குப் பிழைப்பு.

இப்போது தாலூகா ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். மரத்தடியில் ஒரு தரகர் உட்கார்ந்திருப்பார். பட்டா மாற்ற வேண்டுமா, வாரிசுச் சான்று வேண்டுமா, வீட்டு வரியில் பெயர் மாற்ற வேண்டுமா, எதுவானாலும் அவரைக் கேட்க வேண்டும். உள்ளே யார் இருக்கிறார், எந்தப் புத்தகத்தில் எது எழுதியிருக்கின்றது, எவ்வளவு காசு யாருக்கு என்கிற மந்திரமெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கோவிலில் சாமிக்கும் நமக்கும் நடுவில் ஒருவன் நிற்பது போல, நம்முடைய வரிப்பணத்துக்கும் நமக்கும் நடுவில் இவர் நிற்கிறார். நம் ஜனங்களோ, பட்டா வந்தால் மொட்டை போடுகிறேன் என்று சாமிக்கு ஒரு முடிச்சும், தரகருக்கு ஒரு முடிச்சும் முடிந்து வைக்கிறார்கள். ஆபீஸ்களில் சாமி படங்கள் வேண்டாம் என்று அண்ணா அவர்கள் சர்க்கார் 1968 லேயே உத்தரவு போட்டது. அப்படியிருந்தும் சரஸ்வதி பூஜையன்று எத்தனை ஆபீசில் ரிஜிஸ்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள் என்று நீங்களே அறிவீர்கள். புத்தகத்துக்குப் பொட்டு வைக்கலாமாம். அதற்குப் பணம் கொடுத்தவன் திறந்து பார்க்கக் கூடாதாம்! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றேன்.

இந்த மூடியை நமக்காகத் திறந்து கொடுத்தவர்கள் யார் தெரியுமா? படித்த வக்கீல்களா? சட்டசபை மெம்பர்களா? அவர்கள் கடைசியில் வந்தவர்கள். முதலில் வந்தவர்கள் ராஜஸ்தானத்தில் மண் சுமந்த கூலிக்காரர்கள். பஞ்ச நிவாரண வேலையிலும் ரோட்டு வேலையிலும் சுமந்த மண்ணுக்குச் சட்டப்படியான கூலி கேட்டார்கள். “நீ அவ்வளவு வேலை செய்ததாகப் புத்தகத்தில் இல்லை” என்று பதில் வந்தது. “அந்தப் புத்தகத்தைக் காட்டு” என்றார்கள். “அது சர்க்கார் ரகசியம்” என்றார்கள். மண் சுமந்தவனுக்கு அவன் சுமந்த மண்ணின் கணக்கு ரகசியம்! இதைவிடப் பெரிய வருணாசிரமம் என்ன இருக்கின்றது? 1990 ல் ஏற்பட்ட மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற அவர்களுடைய சங்கம், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் கூட்டம் போட்டு, எப்படியோ கிடைத்த கணக்கை உரக்கப் படித்தது. கூரையில்லாமல் நிற்கின்ற கட்டடம், கட்டி முடிந்ததாகக் கணக்கில் இருந்தது. வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலிப் பட்டுவாடா ஆகியிருந்தது. பிறகு 1996 ஏப்ரலில் அருகிலுள்ள பியாவர் என்ற சிறு பட்டணத்தின் நடு வீதியில் உட்கார்ந்து, நகல் கொடு என்று 40 நாள் மறியல் செய்தார்கள். சுற்றுக் கிராமத்து ஏழைகள் ஆளுக்குக் கொஞ்சம் தானியம் கொடுத்து அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு போட்டார்கள். ராஜஸ்தானத்தில் 2000 த்தில் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்கும் 2005 ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறி, அந்த வருஷம் அக்டோபர் 12 முதல் அமுலுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் 1997 லேயே ஒரு சட்டம் செய்தோம் என்று பெருமை சொல்வார்கள். வாஸ்தவந்தான். ஆனால் வாசல் வைத்துவிட்டு வாசல் பூராவும் சுவர் எழுப்பினது போல, அதில் விலக்குகள் ஏராளம். அதை விட்டுவிட்டு, இன்று கையிலுள்ள சட்டத்தைப் பார்ப்போம்.

ஒரு வெள்ளைக் காகிதம், பத்து ரூபாய். அவ்வளவுதான். கோர்ட்டு ஸ்டாம்பாக ஒட்டினாலும் சரி, ரொக்கமாகக் கட்டினாலும் சரி. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டியதில்லை. “பொதுத் தகவல் அலுவலர்” என்று முகவரி எழுதி, உங்கள் பெயர் விலாசம் எழுதி, வேண்டியதை எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள அந்த அதிகாரியே உதவி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லுகின்றது. “உனக்கு எதற்கு?” என்று காரணம் கேட்க அவருக்குப் பாத்தியதை கிடையாது. வேறு ஆபீசைச் சேர்ந்த விஷயமானால், ஐந்து நாளுக்குள் அவரே அங்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதானால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. பதிலே வராவிட்டால் அதே ஆபீசின் மேலதிகாரிக்கு 30 நாளுக்குள் அப்பீல். அதற்கு மேல் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு அப்பீல். தகுந்த காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை, அவர் சொந்தச் சம்பளத்திலிருந்து போகும்படி அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. போடுகிறதா என்பது வேறு சங்கதி. அப்பீலைக் கட்டு கட்டாக அடுக்கி வைத்துக்கொண்டு தாமதம் செய்வதில் ஆணையமும் மற்ற ஆபீசுகளுக்கு இளைத்ததல்ல. ஆனாலும் தபால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவனிடம் ஆபீசுக்கு ஒரு பயம் இருக்கத்தான் செய்கின்றது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எதையும் ஏன், எதற்கு என்று கேள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறவர்கள் நாம். ஆனால் இந்த மனுவில் மாத்திரம் “ஏன்” என்று கேட்காதீர்கள்! “எங்கள் தெருவுக்கு ஏன் சாக்கடை போடவில்லை?” என்று எழுதினால், “அது தகவல் அல்ல” என்று ஒரே வரியில் கை கழுவிவிடுவார்கள். சட்டம் கொடுக்கச் சொல்வது ஆபீசில் ஏற்கெனவே இருக்கின்ற எழுத்தை. ஆகையால் எழுத்தைக் கேளுங்கள். “இத்தனாம் வார்டில் மூன்று வருஷத்தில் சாக்கடைக்கு ஒதுக்கிய தொகை என்ன, தெருவாரியாகச் செலவு என்ன, அதற்கான தீர்மானம், மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், பட்டுவாடா பில் இவற்றின் நகல் வேண்டும்” என்று எழுதுங்கள். “ஏன்” என்பதை அந்த நகலை வைத்துக்கொண்டு பொதுக்கூட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இதில் அளவுப் புத்தகம் என்று சொன்னேன். கண்டிராக்டர்களும் ஓவர்சியர்களும் எம்.புக் என்பார்கள். உள்ள புத்தகங்களிலெல்லாம் உண்மை அகப்படக்கூடிய புத்தகம் அதுதான். ஒரு சாக்கடை கட்டினால் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு, கலவை இன்ன விகிதம் என்று என்ஜினீயர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே பில் பாசாகும். 120 மீட்டர் என்று எழுதியிருக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். ஆளுக்கு ஒரு முனை பிடியுங்கள். 80 தான் இருக்கின்றதென்றால், மிச்சம் 40 மீட்டர் சாக்கடை யார் வீட்டுக்குள் ஓடுகின்றது என்று தெரிந்து போகும். இதற்கு என்ஜினீயரிங் படிப்பு வேண்டுமா? சமஸ்கிருதம் வேண்டுமா? அது மாத்திரமல்ல, வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், போட்ட சரக்கில் சான்றுள்ள மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டத்தில் இடமிருக்கின்றது. ஆபீசுக்குப் போய் கட்டையே நேரில் புரட்டிப் பார்க்கிறேன் என்றும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை.

எது எங்கே இருக்கும் என்பது தெரியாமல் அலைகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். நிலத்தின் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாம் வருவாய் இலாகாவுடையது. இவற்றில் பெரும்பாலானதை இப்போது கம்ப்யூட்டரிலேயே எடுத்துக்கொள்ளலாம், தரகர் தேவையில்லை. கிரையப் பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் ரிஜிஸ்டர் ஆபீஸ். டவுனில் பிறப்பு இறப்பு, முனிசிபாலிடியின் சுகாதாரப் பிரிவு. வீட்டு வரி, வருவாய்ப் பிரிவு. ரோடு, சாக்கடை, குடிதண்ணீர், என்ஜினீயரிங் பிரிவு. கௌன்சில் தீர்மானப் புத்தகம் கமிஷனர் ஆபீசில். முனிசிபாலிடியின் கணக்கைத் தணிக்கை செய்வது உள்ளாட்சி நிதித் தணிக்கை இலாகா. அதன் ஆக்ஷேபணைகளின் நகல் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். நம் மேடைப் பேச்சையெல்லாம் விடக் காரமாக சர்க்காரே எழுதிய வாசகங்கள் அதில் அகப்படும்! கிராமத்துத் தோழர்களுக்கு இன்னும் சுலபம். ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் கிராம சபை கூட வேண்டும். வரவு செலவை அங்கே படிக்க வேண்டும். டவுன்களுக்கும் வார்டு கமிட்டி, பகுதி சபை என்று 2022 ல் விதி செய்திருக்கின்றார்கள். உங்கள் வார்டில் அது கூடியதா என்பதையே முதல் மனுவாகப் போடலாம்.

யாரைப் பற்றிய கணக்கை முதலில் கேட்பது என்றால், ஊரைச் சுத்தம் செய்கின்ற தோழர்களைப் பற்றியதையே முதலில் கேட்க வேண்டும் என்று சொல்லுவேன். மனிதனை மலக்குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013 ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த வேலைக்கு இன்ன ஜாதிதான் என்பதை மனுதர்மம் சொன்னதோ இல்லையோ, கண்டிராக்டரின் மஸ்டர் ரோல் சொல்லும். இந்த வருஷம் எத்தனை ஜதை கையுறை, எத்தனை ஜதை பூட்ஸ் வாங்கியதாகப் பில்? யாரிடம் கொடுத்ததாகக் கையெழுத்து? நாள் கூலி எவ்வளவு, அதில் பிராவிடண்டு பண்டுக்குப் பிடித்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு? இந்த நகலை வாங்கி அந்தத் தோழர்கள் குடியிருக்கும் தெருவில் வைத்து உரக்கப் படியுங்கள். வாங்காத பூட்சுக்குத் தன் கையெழுத்து இருப்பதை அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதைப் போலவே பொதுக் குழாய் எந்தத் தெருவில் எத்தனை என்று ஒரு பட்டியல் வாங்கிப் பாருங்கள். தேரோடும் வீதிக்கு எத்தனை, காலனிக்கு எத்தனை என்று எழுத்திலேயே நிற்கும். “இப்போதெல்லாம் எவன் ஜாதி பார்க்கிறான்?” என்று கேட்கிற பெரிய மனிதர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

“எலெக்ஷன் வைத்திருக்கிறோமே, கௌன்சிலரைக் கேட்டால் போதாதா?” என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த தமிழ்நாட்டு நகர ஸ்தாபனங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் எலெக்ஷன் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் கௌன்சிலரே கிடையாது; தனி அதிகாரிகள்தான். வரி வசூல் மட்டும் ஒரு நாளாவது நின்றதா? அந்த ஐந்து வருஷத்துக் கணக்கை இப்போது கேட்டாலும் கொடுக்க வேண்டியவர்களே. கௌன்சிலர் இருக்கிற காலத்திலும், நகல் கையிலுள்ளவன் கேட்பதற்கும் வெறுங்கையோடு கேட்பதற்கும் அவர் சொல்லும் பதிலில் வித்தியாசமுண்டு.

நிற்க. மூடியைத் திறந்தவுடன் மறுபடி மூடவும் ஏற்பாடு நடக்கின்றது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். 2023 ல் செய்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம், தகவல் சட்டத்தின் 8 வது பிரிவில் கை வைத்திருக்கின்றார்கள். அது 2025 நவம்பரில் அமுலுக்கும் வந்துவிட்டது. முன்பெல்லாம் “இது தனி மனிதர் விவரம்” என்று மறுக்க வேண்டுமானால், பொதுக் காரியத்துக்குச் சம்பந்தமில்லை என்று காட்ட வேண்டும். இப்போது தனி மனிதர் விவரம் என்ற ஒரு வார்த்தையே போதுமென்றாகிவிட்டது. வீடு கட்டும் மானியம் யார் யாருக்குப் போயிற்று, மஸ்டர் ரோலில் யார் பெயர் என்று கேட்டால் இந்த வார்த்தையை நீட்டுவார்கள். நீட்டினால், அதே 8 வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவை நீங்கள் நீட்டுங்கள். மறைப்பதால் வரும் நன்மையைவிட வெளியிடுவதில் பொது நன்மை பெரிதானால் கொடுக்கலாம் என்று அதில் இன்னும் இருக்கின்றது.

மற்றொன்று பயம். பயமே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றித் தகவல் வாங்கி வழக்காடிய அமித் ஜேத்வா என்பவரை 2010 ஜூலையில் ஆமதாபாத்தில் ஹைகோர்ட்டுக்கு எதிரிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஆகையால் தனி ஆளாகப் போடாதீர்கள். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் பத்து மனுவாகப் போடுங்கள். பெண்கள் பெயரிலும் போடுங்கள். வந்த நகலை ஒருவர் வீட்டில் பூட்டி வைக்காமல் அன்றைக்கே பத்துப் பிரதி எடுத்துப் பத்து இடத்தில் வையுங்கள். ஊருக்கெல்லாம் தெரிந்து போன விஷயத்துக்காக ஒருவனை அடித்து என்ன லாபம் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

கூட்டம் முடிந்ததும் பின்னால் உள்ள மேஜையில் காகிதமும் பேனாவும் கோர்ட்டு ஸ்டாம்பும் வைத்திருக்கின்றார்கள். நமது வாலிபர்கள் இரண்டு பேர் மனு எழுதிக் கொடுப்பார்கள். அதற்குக் காசில்லை, ஸ்டாம்புக்கு மாத்திரம் பத்து ரூபாய். சாக்கடை மனு எட்டாம் வார்டுக்கு எழுதியாயிற்று. மற்ற வார்டுத் தோழர்கள் தங்கள் தெருப் பெயரைச் சொன்னால் போதும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட கிராமத்துத் தோழர்கள் முதலில் வந்து எழுதிக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டு உட்காருகின்றேன்.