தரையில் நிற்கும் வான்படை



ஆண்டு விழா மேடையில் குறளும் சிலம்பும் கம்பனும் பேசப்படுவதே நமது சங்கத்தின் வழக்கம். அவற்றைத் துறைபோகக் கற்றோர் இங்கே பலர் வீற்றிருக்கின்றனர். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே எழுத்தராய்க் காலம் கழிக்கும் நாம் அத்துறையில் கால் வைப்பது பொருந்தாது. ஆகவே நமக்கு அருகிலுள்ள ஒன்றைப் பற்றிப் பேச விழைந்தோம். காரக்பூர்க் காலனியில் வாழும் நாம் எப்பொழுதும் கேட்கும் ஓசைகள் இரண்டு. ஒன்று ரயிலோசை, மற்றொன்று கலைக்குண்டாவிலிருந்து எழும் போர் விமானங்களின் ஓசை. முன்னதைப் பற்றி இங்குள்ள குழந்தைகளும் நன்கறிவர். பின்னதைக் கேட்டவுடன் அண்ணாந்து பார்க்கிறோம். கண்ணில் படுவதற்குள் விமானம் மறைந்து விடுகிறது. அவ்விமானம் எழுவதற்கு முன்னர்த் தரையில் நின்று உழைத்தவர் யார், அவர் செய்தது என்ன என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? அதனையே இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இவ்வட்டாரத்தில் போர் விமானங்கள் பெருந்திரளாய் வந்திறங்கியது இரண்டாம் உலகப் போரின் பொழுதாகும். 1944ஆம் ஆண்டில் அமெரிக்கர் பி-29 என்னும் பெருங்குண்டு விமானங்களை இங்கே கொண்டுவந்தனர். முதல் விமானம் ஏப்ரல் 2ஆம் நாள் சக்குலியாவில் இறங்கிற்று. சக்குலியா, பியார்டோபா, துத்குண்டி, நமது ஊரை அடுத்த சலுவா ஆகிய இடங்களில் அவற்றுக்கு ஓடுபாதைகள் அமைந்தன. தலைமை அலுவலகம் ஹிஜ்லியில், அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த தடுப்புக் காவல் மாளிகையில் இயங்கியது. 1931இல் சந்தோஷ் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் கைதிகள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், 1951இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தோன்றியதும் அதே மாளிகையில்தான். அவ்வழியாகச் சைக்கிளில் செல்லும் நம்மில் பலர் அதன் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பதோடு சரி.

ஓடுபாதைகளை அமைப்பதற்காக ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் கல் உடைத்தனர். மண்ணையும் சல்லியையும் கூடையில் சுமந்து கொட்டினர். விமானங்களைப் பேணியவர் அமெரிக்கப் படையின் தரைப் பணியாளர். அவர்கள் பட்ட பாட்டைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். பி-29க்கு இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 141 அடி. இயந்திரங்கள் நான்கு, ஒவ்வொன்றும் 2,200 குதிரைத் திறன் உடையது. ஓர் இயந்திரத்தில் சிலிண்டர்கள் 18. சிலிண்டருக்கு ஸ்பார்க் பிளக் இரண்டு. ஆக ஒரு விமானத்தில் 144 பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துப் பூட்ட வேண்டும். நமது ஊரின் ஏப்ரல், மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெயிலில் நின்ற விமானத்தின் உலோகத் தகட்டில் கை வைத்தால் தோல் பொசுங்கும். ஆகவே நடுப்பகலில் வேலையை நிறுத்தி, விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னரும் பழுது பார்த்தனர். இயந்திரங்களோ இயல்பாகவே மிகையாய்ச் சூடேறும் குறையுடையவை. பின்வரிசைச் சிலிண்டர்களுக்குக் குளிர்காற்றுப் போதாமல் வானிலேயே தீப்பற்றும். பகைவரின் பீரங்கிக்கு அஞ்சியது போலவே விமானிகள் இதற்கும் அஞ்சினர்.

1944 ஜூன் 5ஆம் நாள் 98 விமானங்கள் இவ்வட்டாரத்திலிருந்து புறப்பட்டன. பி-29 மேற்கொண்ட முதற் போர்ப் பயணம் அதுவே. இலக்கு எது தெரியுமா? பாங்காக் நகரத்து மக்காசான் ரயில்வே பணிமனை! ஒரு ரயில்வே ஊரிலிருந்து புறப்பட்டு மற்றொரு ரயில்வே ஊரை இடிக்கச் சென்றிருக்கிறார்கள். போர் என்றால் அடி முதலில் ரயில்வேக்கே விழும் என்பது நம் போன்றோர்க்கு வியப்பன்று. பின்னர் அவ்விமானங்கள் சீனத்தின் செங்டு வழியாக ஜப்பானுக்கும் சென்றன. செங்டுவில் பெட்ரோல் இல்லை. அதனையும் இங்கிருந்தே இமயத்தின் மேலாக வானில் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. ஜப்பானை ஒரு முறை தாக்குவதற்கு இமயத்தைப் பல முறை கடந்தனர். ஒவ்வொரு முறை திரும்பும் பொழுதும் அதே இயந்திரங்கள், அதே பிளக்குகள், அதே வெயில். 1945இல் விமானங்கள் பசிபிக் தீவுகளுக்குப் பெயர்ந்தன.

இனிக் கலைக்குண்டாவுக்கு வருவோம். 1965 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, அப்பொழுது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த பகுதியின் டாக்காவிலிருந்து சேபர் விமானங்கள் தாழப் பறந்து வந்து அந்நிலையத்தைத் தாக்கின. நமது விமானங்கள் மறைப்பின்றித் திறந்த வெளியில் நின்றிருந்தன. கான்பெரா குண்டு விமானங்களும் வாம்பயர்களும் நின்ற இடத்திலேயே எரிந்தன. அன்று முற்பகலிலேயே நான்கு சேபர்கள் மீண்டும் வந்தன. இம்முறை வானில் காவல் நின்ற ஹண்டர்கள் இரண்டு அவற்றை எதிர்த்தன. 14ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் குக், மம்கைன் என்னும் இளைஞர் இருவர் அவற்றைச் செலுத்தினர். தாழ்ந்த உயரத்தில் நடந்த அச்சமரில் சேபர் ஒன்று வீழ்ந்தது. விமானிகள் இருவர்க்கும் வீர சக்ர விருது கிடைத்தது, தக்கார்க்கே கிடைத்தது.

இக்கதையை வானில் நடந்த கதையாகவே நாம் சொல்லிக் கொள்கிறோம். தரையிலிருந்து அதனைப் பாருங்கள். எரிபொருள் நிறைந்த விமானம் ஒன்று பற்றி எரிகையில், அருகே நிற்கும் மற்றொன்றை யாரேனும் இழுத்து அப்புறப்படுத்தியாக வேண்டும். வானிலிருப்பவன் விலகலாம், திருப்பிச் சுடலாம். தரையிலிருப்பவன் கையில் இருப்பதோ ஸ்பானர் ஒன்றே. முதல் தாக்குதலுக்கும் இரண்டாவதற்கும் இடையே சில மணி நேரந்தான். அதற்குள் நெருப்பை அணைக்க வேண்டும். ஓடுபாதையில் சிதறிய இரும்புத் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். எஞ்சிய விமானங்களைப் பறக்கத் தகுதியாக்க வேண்டும். பின்னர்ப் பல நிலையங்களில் விமானங்களுக்குக் கான்கிரீட் கூடங்கள் கட்டினார்கள். 1971 போரில் அவை நமது விமானங்களைக் காத்தன. 1965இல் கிடைத்த படிப்பினை அது.

ஹண்டரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல மறந்தோம். அதன் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கும் அவற்றின் குண்டுகளும் ஒரே பெட்டியாய் விமானத்தின் அடிவயிற்றில் பொருந்தியிருக்கும். காலிப் பெட்டியை இறக்கி நிறை பெட்டியை ஏற்றுவது சில நிமிட வேலை; பயின்ற கைகளுக்கு மட்டுமே சில நிமிட வேலை. நம்மைப் போன்றோர் முயன்றால் பொழுது விடிந்து விடும்.

இன்றைய ஜெட் விமானத்திற்கு வேலை விடியுமுன்னே தொடங்குகிறது. விமானங்கள் நகரும் பாதையில் ஆட்கள் வரிசையாய்க் குனிந்து நடந்து கல், ஆணி, கம்பித்துண்டு எது கிடந்தாலும் பொறுக்குவார்கள். ஜெட் இயந்திரம் காற்றை உறிஞ்சும் வேகத்தில் சிறு கல்லும் உள்ளே புகும். புகுந்தால் சுழலும் இதழ்கள் முறியும். பல கோடி ரூபாய் இயந்திரத்திற்கு ஒரு நெல்லிக்காய் அளவுக் கல் எமனாகும். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்துக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று நோக்குவார்கள். மிக உயரத்தில் அத்தண்ணீர் உறைந்து குழாயை அடைக்கும். விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைத் துடைப்பதும் விளையாட்டன்று. அதில் ஒட்டிய ஒரு கொசு, தொலைவில் வரும் பகை விமானம் போலத் தோன்றும்.

கருவிகளின் கணக்கைச் சொன்னால் எழுத்தரான நமக்கு உள்ளம் குளிர்கிறது. ஒவ்வொரு ஸ்பானருக்கும் திருப்புளிக்கும் எண் உண்டு. பலகையில் அதனதன் வடிவம் வரைந்த இடம் உண்டு. வேலை முடிந்தபின் ஓர் இடம் வெறுமையாய் இருந்தால் விமானம் புறப்படாது. காணாமற் போனது இயந்திரத்துக்குள் இல்லை என்று உறுதியாகும் வரை தேட வேண்டியதே. விமானியை ஆபத்தில் வெளியே எறியும் இருக்கையில் வெடிமருந்து இருக்கிறது. நிற்கும் விமானத்தில் அது தவறி வெடிக்காதிருக்கச் சிவப்புப் பட்டை கட்டிய ஊசிகள் செருகியிருக்கும். புறப்படுமுன் அவற்றை உருவி எடுத்து எண்ணிக்கை சரிபார்ப்பார்கள். ஓர் ஊசியை உருவ மறந்தால் வேண்டும்பொழுது இருக்கை வேலை செய்யாது. செருக மறந்தால் தரையிலேயே உயிர் போகும்.

இவை அனைத்தும் முடிந்தபின் ஒரு பதிவேடு வருகிறது. படிவம் 700 என்பது அதன் பெயர். விமானத்தின் உடலைப் பார்த்தவர், இயந்திரத்தைப் பார்த்தவர், மின்சாரம் பார்த்தவர், ஆயுதம் பார்த்தவர் எனத் தத்தம் வேலைக்கு நேரே அவரவர் கையொப்பம் இடுவர். இறுதியாக விமானி அதனைப் படித்துத் தாமும் ஒப்பமிட்டு விமானத்தில் ஏறுவார். நமது நிலையத்தில் வண்டி புறப்படுமுன் கேரேஜ் எக்ஸாமினர் பெட்டிகளின் அடியில் புகுந்து பார்த்து, பிரேக் பவர் சர்ட்டிபிகேட்டில் கையொப்பமிட்டு டிரைவரிடம் தருகிறார் அல்லவா? அதே முறை. அத்தாள் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுப்பதில்லை. டிரைவரை இப்பொழுது லோகோ பைலட் என்றே அழைக்கிறோம்.

1971 டிசம்பர் 14ஆம் நாள் ஸ்ரீநகரில் ஓடுபாதையின் மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையில் நேட் விமானத்தில் எழுந்து, பல சேபர்களைத் தனியே எதிர்த்து உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் சேகோனை நாடறியும். வான்படையில் பரம வீர சக்ர விருது பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய நேட்டை அன்று காலைக் கடுங்குளிரில் ஆயத்தம் செய்து வைத்தவர்களை நாடறியாது. அவர் பணியாற்றிய 18ஆம் ஸ்குவாட்ரன் 2020இல் கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்றது என்பது தமிழர்க்கு ஓர் இன்பச் செய்தி.

இங்கே நம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலனியில் ஒரு பிள்ளை வான்படைத் தேர்வில் தேறினால் நாம் எப்படிப் பேசுகிறோம்? "பைலட்டா?" என்று முதலில் கேட்கிறோம். "இல்லை, டெக்னீஷியன்தான்" என்று பெற்றோர் குரல் தாழ்த்திச் சொல்கின்றனர். இந்தத் "தான்" எங்கிருந்து வந்தது? பெரிய பணிமனையை நம்பி வாழும் ஊரில், தந்தையும் பாட்டனும் ஃபிட்டராய் உழைத்த குடும்பத்தில், இச்சொல் எவ்வாறு நுழைந்தது? தாம்பரம் வான்படை நிலையத்தில் விமான மெக்கானிக்குகளைப் பயிற்றும் பள்ளி பல்லாண்டுகளாய் இயங்குகிறது. அங்கே கற்றவர் ஒப்பமிட்ட பின்னரே விமானி தம் உயிரை அவ்விமானத்தில் ஏற்றுகிறார்.

ஆயினும் பெற்றோர்க்கு உண்மையை மறைத்தலாகாது. 2022ஆம் ஆண்டு முதல் அக்னிவீர் முறை வந்திருக்கிறது. பணி நான்கு ஆண்டுகள். அதன் முடிவில் ஒரு பகுதியினரையே நிலையான பணிக்கு எடுப்பர். திட்டத்தை அறிவித்தபொழுது நூற்றுக்கு 25 பேர் வரை என்றார்கள். பெண் பிள்ளைகளும் இப்பொழுது சேர்கின்றனர். தொடக்கப் பயிற்சி கருநாடகத்தின் பெல்காமில். நான்கு ஆண்டுக்குப் பின் என்ன என்ற கேள்வி நியாயமானது. அதனைப் பிள்ளையோடு அமர்ந்து பேசி முடிவு செய்தல் நலம். "மெக்கானிக் வேலைதானே" என்று தடுப்பது மட்டும் நியாயமன்று.

2023 ஏப்ரலில் கோப் இந்தியா என்னும் கூட்டுப் பயிற்சிக்காக அமெரிக்க விமானங்கள் கலைக்குண்டாவுக்கு வந்தன. ஏறக்குறைய 79 ஆண்டுகளுக்கு முன் இதே ஏப்ரல் மாதத்தில் இதே வட்டாரத்து வெயிலில் அவர்தம் முன்னோர் பிளக் கழற்றினர். இம்முறை நமது பணியாளரும் அருகில் இருந்தனர்.

நாம் சொன்னதெல்லாம் வேலிக்கு வெளியே நின்று, படித்தும் கேட்டும் அறிந்தவை. வேலிக்குள் பணியாற்றும் தமிழ்க் குடும்பங்கள் சில பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் நம்மோடு வந்து அமர்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும். பிள்ளைகளின் பள்ளி மாறும். நாம் பெயர் அறிந்துகொள்ளுமுன் போய்விடுகின்றனர். அவர்களுள் ஒருவர் வெளியில் சொல்லத் தக்கதை மட்டும் அடுத்த ஆண்டு இம்மேடையில் சொல்ல வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் கேட்டுக்கொள்வார்களாக. நேரம் ஆகிவிட்டது, அடுத்துக் குழந்தைகளின் நாடகம் இருக்கிறது.