தண்டம் மட்டும் காவல் ஆகாது

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு ஏற்ற பொருளன்று என்று சிலர் எண்ணலாம். பொலிஸ் ஆளணி, ஆபத்துக்கு உதவி வந்து சேரும் வேகம், காப்புறுதி இல்லாத வாகனத்துக்கு விதிக்கப்படும் தண்டம் என்னும் இவை கந்தோர்க் கோப்புகளில் உறங்கும் சங்கதிகள் என்று தோன்றும். ஆனால் வீதியில் இறங்கும் ஒவ்வொரு மனிதனின் உயிரும் உடைமையும் இவற்றைப் பற்றியே நிற்கின்றன.

பரந்தன் பக்கத்துக் கமக்காரர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலில் நாளெல்லாம் நின்றுவிட்டு, பொழுது மறையும் வேளையில் துவிச்சக்கர வண்டியில் ஏ-9 வீதி வழியாக வீடு திரும்புகின்றார். பின்னால் வந்த வாகனமொன்று அவரை மோதித் தள்ளுகின்றது. கால் முறிந்து வீதியோரத்தில் கிடக்கின்றார். அந்த நொடியிலிருந்து அவருடைய வாழ்வும் அவர் குடும்பத்தின் வாழ்வும் நான்கு கேள்விகளில் தொங்குகின்றன. அவர் குரலைக் கேட்பவர் யார்? உதவி எவ்வளவு விரைவில் வந்து சேரும்? நடந்ததை எந்த மொழியில் எழுதுவார்கள்? மோதிய வாகனத்துக்குக் காப்புறுதி உண்டா?

இவை நான்கு வெவ்வேறு சங்கதிகள் என்று பலர் நினைக்கின்றனர். அல்ல! இவை ஒரே சங்கிலியின் நான்கு கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தால் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும். இதுவே நான் இன்று உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

முதலில் சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் பெருவீதியில் செலுத்துதல் குற்றமாகும். வாகனத்தின் உரிமையாளருக்கு வரும் நட்டத்தை ஈடுசெய்வது அந்தக் காப்புறுதியின் நோக்கமன்று. வாகனத்தால் உயிரிழந்தவருக்கும் காயமுற்றவருக்கும் உரிய ஈட்டை உறுதிசெய்வதே அதன் நோக்கம். 2019ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்தியது. மதுபோதையில் செலுத்துதல், அனுமதிப்பத்திரமின்றிச் செலுத்துதல் முதலிய கடுங்குற்றங்களோடு சேர்த்து, காப்புறுதியின்றிச் செலுத்துவோருக்கும் 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டம் விதிக்க வழிசெய்தது.

தண்டம் உயர்ந்தது நல்லதே. குற்றத்துக்கு அச்சம் வேண்டும். ஆனால் ஒன்று கேட்கின்றேன். அந்த 25,000 ரூபா நீதவான் நீதிமன்றத்தில் கட்டப்பட்டுவிட்டால், கால் முறிந்த கமக்காரர் வீட்டுப் பானையில் ஒரு பிடி அரிசி விழுமா? விழாது. தண்டம் குற்றவாளியை வருத்தும். அடிபட்டவனைத் தாங்கிப் பிடிக்க அதனால் இயலாது.

நமது மோட்டார்ச் சட்டம் பிரித்தானியச் சட்டத்தின் வழிவந்தது. ஆகவே அந்த நாட்டின் அநுபவத்தைச் சற்றே நோக்குதல் பொருந்தும். 1930ஆம் ஆண்டில் பிரித்தானியா மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. தண்டனையும் வைத்தது. ஆயினும் காப்புறுதியில்லாதவன் மோதினால், அடிபட்டவன் வெறுங்கையோடே வீடு திரும்பினான். இதைக் கண்டு, 1946ஆம் ஆண்டில் காப்புறுதிக் கம்பனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது நிறுவனத்தை அமைத்து, அத்தகையோருக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பை ஏற்றன. 2005ஆம் ஆண்டுச் சட்டம், காப்புறுதியில்லாத வாகனத்தை வீதியிலேயே பறிமுதல் செய்யும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு அளித்தது. 2013ஆம் ஆண்டில் உடன் தண்டம் 300 பவுணாக உயர்ந்தது.

ஆனால் அதே காலத்தில் அங்கு இன்னொன்றும் நிகழ்ந்தது. 2010க்கும் 2018க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பொலிஸ் உத்தியோகத்தர் தொகை 20,000க்கு மேல் குறைக்கப்பட்டது. சட்டம் இருந்தது, தண்டம் இருந்தது, அதைச் செயற்படுத்தும் கை மெலிந்தது. மக்கள் முறையிட்டனர். 2019ஆம் ஆண்டில் 20,000 பேரைப் புதிதாகச் சேர்ப்பதாக அரசாங்கம் வாக்களித்து, 2023 மார்ச் மாதத்துக்குள் அவர்களைச் சேர்த்தது. பிடிக்கும் கை இல்லாத இடத்தில் தண்டம் வெறும் எழுத்து என்பதை அந்த நாடு பெருஞ்செலவில் கற்றுக்கொண்டது.

நமது நாட்டுக்குத் திரும்புவோம். இங்கு எல்லாமே இருள் என்று கூறமாட்டேன். 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தை நீங்கள் அறிவீர்கள். இந்தியாவின் நன்கொடையோடு 2016ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளுடன் ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. 2018 யூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவோடு அது வடக்குக்கும் விரிந்தது. அந்த ஆண்டிலேயே தனிச்சட்டமும் பெற்றது. அழைப்பவர் தமிழில் பேசலாம். அருகிலுள்ள வண்டி அவரைத் தேடி வரும். அந்தச் சேவை தான் வந்து சேரும் நேரத்தை நிமிடக் கணக்கில் அளக்கின்றது. அளப்பதனால் திருந்துகின்றது. மனம் இருந்தால் இந்த நாட்டிலும் இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

அம்புலன்ஸ் உயிரைக் காக்கும். உரிமையைக் காப்பது யார்? விபத்து நடந்த இடத்துக்குப் பொலிஸார் வரவேண்டும், தடயத்தை அளக்கவேண்டும், காப்புறுதிப் பத்திரத்தைப் பரிசோதிக்கவேண்டும், அடிபட்டவரின் வாக்குமூலத்தைப் பதியவேண்டும். பின்னர் காப்புறுதிக் கம்பனி கேட்பதும், மாவட்ட நீதிமன்றம் பார்ப்பதும் அந்தப் பொலிஸ் பதிவையே. நட்டஈடு என்னும் மரத்துக்கு வேர் அந்த முதல் வாக்குமூலந்தான்.

அந்த வேர் எந்த மொழியில் ஊன்றப்படுகின்றது? வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழியும் அரச பதிவேடுகளின் மொழியும் தமிழே என்று அரசியலமைப்பு கூறுகின்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் அந்த ஏற்பாட்டை விரிவாக்கியது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்த உத்தியோகத்தர்கள் 24 மணி நேரமும் இருத்தல் வேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் அளிக்கும் உரிமை பெறவேண்டும் என்றும் விதந்துரைத்தது. இவற்றை எழுதியது நமது கட்சிக்காரர் எவருமல்லர். அரசாங்கமே நியமித்த ஆணைக்குழு!

தாம் சொன்னது ஒன்று, எழுதப்பட்டது எது என்றறியாமல் கையொப்பமிட்ட மனிதர், இரண்டு ஆண்டுகளின் பின் நீதிமன்றத்தில் என்ன செய்வார்? “வாகனம் பின்னால் வந்து மோதியது” என்று அவர் சொன்னது, “துவிச்சக்கர வண்டி குறுக்கே திரும்பியது” என்று பதியப்பட்டிருந்தால் அவர் வழக்கு அன்றே தோற்றுவிட்டது. எழுதியவர் தீயவராக இருக்கவேண்டியதில்லை. மொழி அறியாதவராக இருந்தாலே போதும்.

முதற் பதிவு எவ்வளவு பாரதூரமானது என்பதை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தபோது, அது மோட்டார் சைக்கிள் விபத்து என்றே முதலிற் சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது என்பது பின்னரே வெளியாயிற்று. பொலிஸார் ஐவர் கைதாயினர். மருத்துவப் பரிசோதனையும் மக்களின் விழிப்பும் இல்லையேல் அந்த முதற் சொல்லே கடைசிச் சொல்லாகியிருக்கும்.

ஆகவே பொலிஸ் ஆளணி என்பது வெறும் தலை எண்ணிக்கையன்று. எத்தனை பேர் என்பதோடு, எந்த மொழியறிந்தோர், எந்த நிலையத்தில், எந்த நேரத்தில் என்பதும் எண்ணப்படவேண்டும். பகலில் ஒருவர் தமிழறிந்தவராக இருந்து, இரவில் எவரும் இல்லையென்றால், அந்த நிலையம் இரவில் நமக்கு மூடிய கதவே. 13ஆம் திருத்தம் மாகாணத்துக்கெனப் பொலிஸ் பிரிவை வகுத்தது. இத்தனை ஆண்டுகளாகியும் அந்தப் பிரிவு உருப்பெறவில்லை. உள்ளூர் மொழியும் உள்ளூர் வீதியும் அறிந்த காவலர் வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம், விபத்து நடந்த வீதியோரத்தில் நின்று பார்த்தால் எவருக்கும் விளங்கும்.

அன்பர்களே! பிறரைக் குறைகூறி முடித்துவிடலாகாது. நம்மிடமும் குறை உண்டு. வயலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடும் லாண்ட்மாஸ்டருக்குக் காப்புறுதி எதற்கு என்று கேட்கும் கமக்காரர் நம்மிடையே இலரா? அந்த வயலுக்குச் செல்லும் பாதையும் பெருவீதியைக் கடந்துதானே செல்கின்றது! ஆண்டுக் காப்புறுதிக் கட்டணம் 25,000 ரூபாவினும் பன்மடங்கு சிறியது. அதைச் சேமிக்க எண்ணி, அயலவன் குழந்தையை மோதிவிட்டால், காணியை விற்றாலும் கடன் தீராது. இருளில் பின்விளக்கில்லாத உழவு இயந்திரமும், வீதியிற் பரப்பிய நெல்லும் எத்தனை பேரைச் சாய்த்துள்ளன என்பதையும் எண்ணுங்கள்.

பொலிஸில் சேருமாறு கேட்டால் நமது இளைஞர் தயங்குகின்றனர். கடந்தகாலக் காயங்கள் ஆறாதபோது அந்தத் தயக்கத்தை நான் பழிக்கமாட்டேன். ஆனால் நாமும் போகமாட்டோம், வருபவரும் தமிழறியார் என்றால், வாக்குமூலத்தை எழுதுவது யார்? தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு முதலில் அரசாங்கத்தைச் சாரும். சேர்ந்தவருக்குத் தம் மொழியிற் கடமையாற்றும் நிலையும் நியாயமான பதவி உயர்வும் உறுதியாகவேண்டும். பின்னர் வாசலை நோக்கி நடக்கும் பொறுப்பு நம்மைச் சாரும்.

இனிச் செய்யவேண்டியவை எவை? சிலவற்றை மட்டும் கூறுகின்றேன்.

கமக்காரர்களே! காப்புறுதி முடியும் நாளை நாட்காட்டியில் விதைப்பு நாளைப்போலக் குறித்து வையுங்கள். விபத்து நேர்ந்தால் வாகன இலக்கத்தையும் சாட்சிகளின் பெயர்களையும் உடனே எழுதுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுமாறு கேளுங்கள். வாசித்துக் காட்டாமல் கையொப்பமிடாதீர்கள். உடற்காயத்துக்கு நட்டஈடு கோரும் வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடரவேண்டும் என்பதை மறவாதீர்கள். மோதிவிட்டு ஓடிய வாகனம் இன்னதென்று அறியப்படாவிட்டாலும் கைவிடாதீர்கள். 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அமைந்த வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை அத்தகையோருக்கு ஈடு வழங்குகின்றது. அதற்கும் பொலிஸ் பதிவு வேண்டும்.

உத்தியோகத்தர்களே! சட்டத்தரணிகளே! உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் தமிழறிந்த உத்தியோகத்தர் எத்தனை பேர், இரவுக் கடமையில் எத்தனை பேர், அழைப்புக் கிடைத்தபின் சென்றடைய எடுத்த நேரம் எவ்வளவு என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்திற் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். கிடைக்கும் விடையை ஊர்மக்கள்முன் வாசியுங்கள். எண்ணப்படாத குறை திருத்தப்படுவதில்லை.

அரசாங்கத்தை நோக்கி நாம் கேட்பதும் பெரிதன்று. தண்டத்தை உயர்த்தியதுபோல, அதைச் செயற்படுத்தும் காவலையும் உயர்த்துங்கள். அம்புலன்ஸ் நேரத்தை அளப்பதுபோலப் பொலிஸ் வந்துசேரும் நேரத்தையும் அளந்து நிலையந்தோறும் வெளியிடுங்கள். அரசியலமைப்பில் எழுதிய தமிழை முறைப்பாட்டுப் புத்தகத்திலும் எழுதுங்கள்.

வேலி அடைத்தால் மட்டும் பயிர் விளையாது என்பதைக் கமக்காரர் அறிவர். காவலும் நீரும் வேண்டும். தண்டம் வேலி. காவலர் வருகை காவல். அடிபட்டவரின் சொல்லை அவர் மொழியிலேயே பதிதல் நீர். இம்மூன்றும் ஒன்றுசேரும் நாளில்தான், பொழுது சாய்ந்தபின் வயலிலிருந்து புறப்படும் மனிதர் அச்சமின்றி வீடு சேர்வார். அந்த நாளுக்காக உழைப்போம்!