வாடைக் காலமும் வள்ளத்துப் பற்றறியும்



ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்துவிட்டால், வல்வெட்டித்துறைக் கரையில் வள்ளங்கள் ஒவ்வொன்றாய் மணலேறத் தொடங்கும். வடக்கு நோக்கிய கரை அது. சோளகம் வீசும் மாதங்களிற் காற்றுத் தரையிலிருந்து கடலுக்குச் செல்வதால் கரையோரக் கடல் அடங்கியிருக்கும். வாடையிலோ காற்றும் அலையும் நேரே ஊரின் முகத்தில் வந்து மோதும். இப்பருவத்துப் பாக்குநீரிணை என்ன செய்யவல்லது என்பதற்கு, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலொன்றே போதிய சான்று. ஆகவே தொழிலுக்குப் போகும் நாட்கள் குறைந்து, சில வள்ளங்கள் மாசி வரையிலுங்கூடக் கரையிற் கிடக்கும்.

பாய்க்கப்பல் கட்டி ஓட்டிய ஊர் இது. இங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, இவ்வூர் மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையில் சேர்த்ததை நேயர்கள் பலர் அறிவீர்கள். அத்தகைய ஊரில், ஓய்வுகாலத்திற் பாயையும் கயிற்றையும் எவ்வாறு பேணுவதென்று எவருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாய் இற்றால் கண்ணுக்குத் தெரியும். கயிறு நைந்தால் கைக்குத் தெரியும். ஆனால் இன்று வள்ளத்தில் விளக்கையும், திசைகாட்டும் ஜி.பி.எஸ். கருவியையும், சில படகுகளில் இயந்திரத்தையும் உயிர்ப்பிப்பது பற்றறி. அதன் நோய் வெளியே தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்குமுன் என் சிறிய தந்தையார் பற்றறியை வள்ளத்திலிருந்து கழற்றாமலே வாடை முழுவதும் விட்டுவிட்டார். மாசியில் முதல் நாள் கடலுக்குப் போகுமுன் ஓர் இரவு மின்னேற்றினார். விளக்கும் பளிச்சென்று எரிந்தது. நள்ளிரவிற்குமுன் அது மங்கி அணைந்தது, ஜி.பி.எஸ். கருவியும் உடன் அணைந்தது. இருளில் பெரிய படகொன்று அவர்களை நோக்கியே வந்தது. கைவிளக்கை ஆட்டிக் கூவியபின்னரே அது விலகிற்று. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடும் அக்கடலில்தான் இருக்கிறது. கருவியில்லாதவன் அதனைக் காண்பது எங்ஙனம்? கரைக்கு வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, வாங்கி ஒரு வருசங்கூட ஆகேல்லை."

அப்பற்றறி கடலிற் சாகவில்லை, கரையிலேயே செத்துவிட்டது. பிரான்சு நாட்டு அறிஞர் பிளான்ரே 1859இல் ஆக்கிய ஈயப் பற்றறியே, பல திருத்தங்களுடன் இன்றும் நம்மிடம் இருக்கிறது. அதனுள் ஈயத்தகடும் ஈயவீரொட்சைட்டுத் தகடும் சல்பூரிக்கமிலத்தில் நிற்கின்றன. மின் வடியும்போது இருவகைத் தகடுகளிலும் ஈயச்சல்பேற்றுப் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ, மென்மையான படிவு கடினமான பளிங்காக இறுகித் தகட்டின் பெரும்பகுதியை மூடிவிடும். பின்பு மின்னேற்றினாலும் அப்பகுதி மீளாது. முழுமையாக ஏறியதுபோல் தோற்றமளித்துச் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். சிறிய தந்தையாருக்கு நேர்ந்தது இதுவே.

ஒன்றும் பூட்டாமல் வைத்தாலும் பற்றறி தானாக வடியும். பத்துப் பாகை வெப்பம் கூடினால் அவ்வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். கனடாவில் வாழும் நம்மவர் சிலர் கோடையில் உல்லாச வண்டிகளிற் சுற்றி வருவார்கள். பனிக்காலம் நெருங்கவே பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பார்கள். அங்கே அச்சம் குளிர். வெறுமையான பற்றறி பூச்சியத்துக்குக் கீழே சில பாகையிலேயே உறைந்து வெடிக்கும். நமக்கு அச்சம் வெப்பமும் உப்புக்காற்றும். வைத்தியம் இரு நாட்டிற்கும் ஒன்றே: முழுதும் ஏற்றி, கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தல்.

கழற்றும்போது மறைமுனையை, அதாவது கழித்தற் குறியுள்ள முனையை, முதலிற் கழற்றுக. பூட்டும்போது அதனைக் கடைசியிற் பூட்டுக. முனைகளிற் பூத்திருக்கும் பொருக்கை அப்பச்சோடாக் கரைசலாற் கழுவுக. மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். ஒரு துளி சோடா உள்ளே போனாலும் அமிலம் கெடும். உலர்ந்தபின் வாசலைன் பூசுக. திறக்கக்கூடிய பற்றறியாயின், தகடு மூடுமளவு காய்ச்சி வடித்த நீர் இருக்கவேண்டும். கிணற்றுநீர் ஆகாது. நம் குடாநாடு சுண்ணக்கல் நிலம். கரையோரக் கிணறுகளில் உப்பும் கலந்திருக்கும். அமிலம் ஊற்றுவது அதனினும் பெருந்தவறு. குறைவது நீரேயன்றி அமிலமன்று.

சீமெந்துத் தரையில் வைத்தால் மின் தரைக்குள் இறங்கிவிடும் என்பார்கள். பழைய மரப்பெட்டிப் பற்றறிகளின் காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆயினும் பலகைமேல் வையுங்கள், ஈரத்துக்கு நல்லது.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்விநியோகம் அற்றுப்போன பின்னர், பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஓய்ந்த உலர்மின்கலத்தை வெயிலிற் காய வைத்து இன்னும் ஒரு செய்தி கேட்டவர்களும் உண்டு. அந்த உத்தி உலர்மின்கலத்துக்குச் சிறிது உதவும். ஈயப் பற்றறியை வெயிலில் வைப்பதோ அதனைக் கொல்வதாகும். அக்காலத்துச் சிக்கனம் அறிந்த நாம் இன்று பற்றறியை மழையில் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வியப்பே.

மாதம் ஒருமுறை வோல்ற்றுமானியால் அளந்து பாருங்கள். மின்னேற்றிச் சில மணிநேரம் ஆறிய பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றறி 12.6க்குமேல் காட்டினால் நிறைவு. 12.4க்குக் குறைந்தால் உடனே ஏற்றவேண்டும். 12.2 என்பது ஏறத்தாழப் பாதி. 70 அம்பியர்மணிப் பற்றறிக்கு 7 அம்பியர் அளவில் ஏற்றினாற் போதும். மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது. ஆகவே சுவாமி விளக்கெரியும் அறையிலும் அடுப்படியிலும் வேண்டாம்.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவை நீங்கள் அறிவீர்கள். வள்ளத்தைக் கரையேற்றிய அதே வாடைதான் அங்கே பட்டங்களை ஏற்றுகிறது. இரவில் மின்விளக்குப் பூட்டிய பட்டங்களும் எழும். அதற்காக வீட்டுப் பிள்ளைகள் வள்ளத்துப் பற்றறியில் கைவைப்பதும் உண்டு. ஏசாதீர்கள், பயன்படுத்தியதனாற் பற்றறி கெடாது, வெறுமையாகத் திருப்பி வைத்தாற்றான் கெடும். மறுநாட் காலையிலேயே ஏற்றச் சொல்லுங்கள்.

மாசியில் பூட்டுமுன் ஒரு சோதனை உண்டு. கரையிலேயே விளக்கைப் பூட்டி அரைமணி நேரம் எரியவிட்டு, எரியும்போதே அளந்து பாருங்கள். வோல்ற்று விரைந்து இறங்கினால் அப்பற்றறியைக் கடலுக்குக் கொண்டுபோகவே கூடாது. பழையதை வாங்கும் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். ஈயத்துக்காக முற்றத்தில் உடைப்பது பிள்ளைகளுக்கு நஞ்சு.

என் சிறிய தந்தையார் இப்போது கலண்டரில் மாதந்தோறும் அளவைக் குறித்து வைக்கிறார். சென்ற வாடையில், பொங்கலுக்கு மறுநாள் 12.1 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் என் தம்பியின் மகனுடைய பெயரும் இருந்தது.